தேன்சிட்டும் அணிலும்

அன்று முற்றத்தில் இருந்தவர்கள்: பழைய ஜமீன் வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர் இருளப்பன், வனத்துறை வில்பிரட், ஒரு தேன்சிட்டு, ஓர் அணில். வாசலுக்கு வெளியே எதிர்வீட்டுக் கனகலட்சுமி.

"தம்பி, ரெண்டும் அபூர்வம்தானே?" பெரியவர் விறைப்பாகக் கேட்டார்.

"இல்லய்யா. இது பாடுற பறவை இனம், அது கொறிக்கிற இனம். ரெண்டுக்கும் அழியிற ஆபத்தே இல்ல, ஊரெல்லாம் கிடக்கு."

"நல்லாப் பாருங்க. எங்க வீட்ல சாதாரணமா எதுவும் தங்காது."

"அணிலும் ஜமீன் பரம்பரையோ!" என்று வெளியிலிருந்து சிரித்தாள் கனகலட்சுமி.

"அபூர்வமா இருந்தா மாசாமாசம் வந்து பாப்போம். இதுகளுக்குத் தேவையில்ல. வாரேன்யா" என்று வில்பிரட் கிளம்பினார்.

வண்டிச் சத்தம் தேயும்வரை பெரியவர் வாசலிலேயே நின்றார்.

கொய்யாவைக் கடிக்கும் அணிலை விரட்டத்தான் ஆள் கூப்பிட்டார் என்று சாயல்குடியில் பேச்சு. அது பொய். மாதம் ஒருமுறையாவது அந்த வீட்டுக்குள் ஒரு மனிதர் வரட்டும் என்றுதான் கூப்பிட்டார்.