படியில் இருவர்

மணிலாவில், கியாப்போ தேவாலய வாசலில் மெழுகுவர்த்தி விற்ற பாசித்தாவை எலாதியோ பலமுறை படம் எடுத்திருக்கிறான். தெருத்தெருவாகச் சுற்றிப் படம் எடுப்பதுதான் அவன் பிழைப்பு. அவனைப் பார்க்கும்போதெல்லாம் அவள், "உக்காந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போய்யா. வெளிச்சம் எங்க ஓடிடப் போகுது?" என்பாள். "நாளைக்கு" என்று நடந்துவிடுவான்.

அவள் நெஞ்சுவலியில் போய்விட்டாள் என்று பூ விற்கிறவர் சொன்னார். அவளை எடுத்ததில் நல்ல படம் ஒன்றை அச்சிட்டு, உறையில் போட்டுக்கொண்டு துக்க வீட்டுக்குப் போனான். அந்த ஊர் வழக்கப்படி, சவத்துக்குத் துணையாக விழித்திருந்தவர்கள் வாசலில் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். அவள் தங்கை மெர்லித்தா எழுந்து வந்தாள்.

"வாங்கண்ணே. இன்னும் காணோமேன்னு பாத்துட்டே இருந்தோம்."

"என்னைத் தெரியுமா?"

"நல்லா கேட்டீங்க போங்க. தினமும் மத்தியானம் அக்காகூட சாப்பிடுற ஆளைத் தெரியாதா?"

சவப்பெட்டியின் மேல் ஒரு படம் இருந்தது. தேவாலயப் படியில் பாசித்தாவும் அவனும் ஒரே தட்டில் சோறும் பொரித்த மீனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவன் அந்தப் படியில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

"இதை யாரு எடுத்தது?"

"நீங்க குடுத்ததுன்னுதான் அக்கா சொல்லுச்சு."

அவன் கொண்டுபோன உறையைப் பிரிக்கவே இல்லை. அதில் அவள் தனியாக இருந்தாள்.