முதல் உதை

அவள் ஏதோ சொல்வதற்குள் அவர் லுங்கியை மடித்துக் கட்டிவிட்டார்.

"தள்ளும்மா. இதெல்லாம் உதைக்கிற விதத்துல இருக்கு."

தள்ளி நின்றாள்.

தரைத்தளத்து சவரிமுத்து மாமா. பால் வாங்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தவர். பாக்கெட்டை அவள் கையில் கொடுத்தார். கிக்கரில் காலை வைத்தார். உதைத்தார்.

பைக்குக்குத் தும்மல்கூட வரவில்லை.

இன்னும் ஓங்கி உதைத்தார். ஒரு செருப்பு பறந்துபோய் மீட்டர் பெட்டியில் மோதியது.

"பெட்ரோல் அடைப்பு" என்றார்.

செருப்பை மாட்டிக்கொண்டு, பாலை வாங்கிக்கொண்டு போனார்.

அடைப்பு இல்லை. டேங்கைக் கழுவியவள் அவள். குழாயை ஊதிப் பார்த்தவள் அவள். கார்புரேட்டரை எலுமிச்சைச் சாறு விட்டு அம்மாவின் இட்லிப் பானையில் வேகவைத்தவளும் அவள்தான்.

அந்தப் பானை பிறகு இட்லிக்கு உதவவில்லை.

பைக் ஏன் கிளம்பவில்லை என்று அவளுக்குத் தெரியும். டேங்குக்கு அடியில், பொறி தரும் காயிலுக்கு ஓர் ஒயர் போகிறது. அதைக் காலையில் பிடுங்கி வைத்ததே அவள்தான்.

வேறு வழி தெரியவில்லை.

பழைய இரும்புக் கடையில், உடைந்த பீரோவுக்கும் கிரைண்டருக்கும் நடுவில் கிடந்த பைக். மாடிப்படிக்குக் கீழே வைத்துத் துரு சுரண்டினாள். ஹேண்டில்பாரை மாற்றினாள். நீள சீட்டை வெட்டி ஒற்றை சீட்டாக்கினாள். கத்தரிப்பூ நிறத்தில் பெயின்ட் அடித்தாள். பக்கத்தில் காய்ந்த அப்பாவின் பனியனுக்கும் அதே நிறம் வந்தது.

ஆசை ஒன்றே ஒன்றுதான். முதல் உதை தன்னுடையதாக இருக்க வேண்டும். தன் காலுக்குக் கீழே அது உயிர் பெற வேண்டும்.

ஆனால் கிளம்பாத பைக்கை உதைக்காமல் கடந்துபோகும் ஆண் இந்தக் குடியிருப்பில் இல்லை.

'வேண்டாம்' என்று சொல்லலாம். சின்ன வயதிலிருந்தே தெரிந்த சொல்தான். ஆட்களுக்கு எதிரே அது வெளியே வந்ததில்லை.

அதனால் ஒயர்.

காற்று, பெட்ரோல், பொறி. மூன்றில் ஒன்று இல்லையென்றால் யார் உதைத்தாலும் ஒன்றுதான். பி.எஸ்சி. இயற்பியலால் முதல்முறையாக ஒரு பலன்.

அடுத்து, அசோசியேஷன் செயலாளர் நாகலிங்கம் வந்தார். சுற்றி வந்து பார்த்தார்.

"ஒத்த சீட்டா? கட்டிக்கப்போறவன் எங்கம்மா உக்காருவான்?"

அவள் தன் கால் கட்டைவிரலைப் பார்த்தாள்.

அவர் ஏறி உட்கார்ந்தார். உதைத்தார். மூச்சு வாங்கியது. பைக்குக்கு அல்ல.

"ஏர் எடுக்குது" என்றார். அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டே போய்விட்டார்.

மூன்றாவது, தண்ணீர் கேன் போடும் இஸ்மத். இவன் ஆபத்தானவன். இவனுக்கு உண்மையிலேயே பைக் தெரியும்.

"பிளக்கக் கழட்டுங்கக்கா. கரண்ட் வருதான்னு பாத்துருவோம்."



பார்ப்பான். வராது. ஒயரைத் தேடுவான். மாட்டுவான். உதைப்பான்.

கிளம்பிவிடும்.

இஸ்மத் ஸ்பேனரைக் கையில் எடுத்துவிட்டான்.

"டேய்!" தரைத்தளத்து ஜன்னலில் காபி டம்ளரும் சவரிமுத்து மாமாவும் தெரிந்தார்கள். "கரண்ட்டெல்லாம் ஜம்முனு வருது. பெட்ரோல்தான் அடைப்பு. நான் பாத்துட்டேன்ல?"

பெரியவர் பார்த்துவிட்டார். இஸ்மத் ஸ்பேனரைக் கீழே வைத்தான். சாஸ்திரத்துக்கு இரண்டு உதை உதைத்தான். கேனைத் தோளில் ஏற்றிக்கொண்டு படியேறினான்.

சவரிமுத்து மாமாவைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

மதியம் ஆனது. ஞாயிற்றுக்கிழமை. எல்லா ஜன்னலிலிருந்தும் மட்டன் குழம்பு வாசம் இறங்கியது. எல்லா ஆண்களும் உள்ளே போனார்கள்.

வாசல் காலி.

பிளக்கைக் கழற்றினாள். இத்தனை உதையில் பெட்ரோலில் நனைந்திருந்தது. துடைத்து மாட்டினாள். டேங்குக்கு அடியில் கையை விட்டு ஒயரைச் சொருகினாள்.

கிக்கரில் காலை வைத்தாள்.

"இருடி."

அம்மா.

நைட்டிமேல் துண்டு. கையில் குழம்புக் கரண்டி.

இட்லிப் பானைக்காக இருக்கும். இல்லையென்றால் பனியனுக்காக. இல்லையென்றால், பொம்பளப் பிள்ளைக்கு இது தேவையா என்ற தினசரிக் கேள்விக்காக. அவள் காலை இறக்கினாள்.

அம்மா சவரிமுத்து வீட்டு ஜன்னலைப் பார்த்தாள். மாடியைப் பார்த்தாள். கேட்டைப் பார்த்தாள்.

"காலையிலேருந்து மேல நின்னு பாக்குறேன். போறவன் வர்றவனெல்லாம் உதைச்சுட்டுப் போறான். நான் ஒண்ணு உதைச்சா என்னவாம்?"

கரண்டியை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். நைட்டியைத் தூக்கிச் சொருகினாள். ஒரு காலை நீட்டினாள்.

"இதத்தான?"

"அது பிரேக்கும்மா."

"தெரியும். சும்மா கேட்டேன்."

கால் கிக்கருக்கு மாறியது.

அவள் கை தானாக டேங்குக்கு அடியில் போனது. ஒயரைத் தொட்டது. லேசாக இழுத்தால் போதும். அம்மாவும் பெட்ரோல் அடைப்பு என்று சொல்லிவிட்டுச் சோறு வடிக்கப் போய்விடுவாள்.

அம்மா கண்களை இறுக்க மூடிக்கொண்டாள். மகளின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் ஒயரை இன்னும் கொஞ்சம் உள்ளே அழுத்தினாள்.

"ஓங்கி உதைம்மா" என்றாள்.