வாசலில் ஒரு வயிற்றுச் சத்தம்

உடம்பு இளைக்க ஊசி போடத் தொடங்கியதிலிருந்து மரகதவல்லிக்குப் பசியே இல்லை, குமட்டல்தான் இருந்தது. டாக்டர் சொன்னபடி, குழைந்த தயிர்சாதத்தை அரைக் கரண்டி எடுத்து, மென்று, வயிறு என்ன சொல்கிறது என்று காத்திருந்து, அப்புறம்தான் அடுத்த வாய் எடுப்பாள். அன்று அப்படிக் காத்திருந்தபோது கடமுடவென்று சத்தம் கேட்டது.

"உன் வயிறா கத்துது?" என்றான் கணவன் கதிரேசன்.

"எனக்கு ஏதுங்க பசி? வாசல்ல கேக்குது."

அவன் கதவைத் திறந்து பார்த்தான். "யாருமில்லையே" என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்தாமல் டிவிக்குத் திரும்பிவிட்டான். சத்தம் இப்போது வீட்டுக்குள் கேட்டது. அவளுக்குப் பழகிய சத்தம். இத்தனை வருடம் அவளுக்குள் இருந்ததுதான். சாப்பிடும்போது யார் வந்தாலும் கூப்பிடுகிற வழக்கத்தில், "வாங்க, சாப்பிடலாம்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

ஆளில்லாத எதிர் நாற்காலி தானாகப் பின்னால் நகர்ந்தது. தன் கிண்ணத்தை அந்தப் பக்கம் தள்ளி வைத்தாள். ஒரு பருக்கை மிச்சமில்லாமல் காலியானது.

விருந்தாளியிடம் போதுமா என்று கேட்பது அவர்கள் வீட்டில் மரியாதை இல்லை.

"இன்னும் என்ன வைக்கட்டும்?" என்றாள்.

நாற்காலி மேஜையைச் சுற்றிக்கொண்டு அவள் பக்கம் வந்தது.