தாங்கட்டும்

“இவனுக்கு இதுக்கு மேல ஒரு சொட்டு கிடையாது மேடம். தாங்கட்டும்!”

ஊசியைத் தட்டில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள் மூத்த நர்ஸ்.

ஆபரேஷன் முடிந்தவர்கள் கண் விழிக்கும் அறை அது. கட்டிலில் கிடந்த இளைஞனுக்கு விபத்தில் தொடை எலும்பு முறிந்து, கம்பி வைத்திருந்தார்கள். போர்வை நுனியைக் கடித்துக்கொண்டு கிடந்தான்.

டாக்டரம்மாவுக்குச் சுருக்கென்றது. மயக்க மருந்துப் பிரிவு நர்ஸ்களுக்கு வலி மருந்தின் அளவைச் சொல்லிக்கொடுக்க வந்தவர் அவர். காலையில்தான் தொண்டை வற்றப் பேசியிருந்தார். எடையைப் பார், வயதைப் பார், மூச்சைப் பார், எல்லாவற்றுக்கும் முன்னால் நோயாளியைக் கேள். டாண் டாணென்று பதில் சொன்னவள் இந்த நர்ஸ்தான்.

“ஏன் தரமாட்டீங்க?”

நர்ஸ் அவரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனாள். “போதை ஊசிக்குப் பழகினவன் மேடம். விட்டு ரெண்டு வருஷமாச்சு. இந்த வலி ஊசியும் அதே ஜாதி மருந்துதான், இன்னும் உள்ளே போனா மறுபடியும் ஆரம்பிச்சிடுவான்.”

“வலியோட விட்டாத்தான் வெளியே போய்த் தேடுவான். விட்டு நாளாச்சுன்னா பழைய அளவை உடம்பு தாங்காது, சரி. அதுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாத் தரணும். தராமலே இருக்கக் கூடாது.”

“நீங்க பாடம் எடுத்துட்டுக் கிளம்பிடுவீங்க. நாளைக்கு அவன் தெருவுல விழுந்து கிடந்தா யாரு தூக்கறது?”

“அதுக்கு இன்னைக்கே தண்டனையா? மனசுல ஈரமே இல்லையாம்மா உங்களுக்கு?”

நர்ஸின் முகம் சுண்டிப்போனது. பக்கத்தில் நின்ற இளைய நர்ஸ் தரையைப் பார்த்தாள்.

டாக்டரம்மா விடுவதாக இல்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தார்.

“கேளுங்க அவனை. காலையில சொன்ன மாதிரி.”

நர்ஸ் வேண்டாவெறுப்பாகக் குனிந்தாள். “வலி எவ்வளவு இருக்கு? பத்துன்னா தாங்கவே முடியாத வலி.”

“மூ... மூணு” என்றான். நெற்றியில் வேர்வை ஊற்றியது.

“பார்த்தீங்களா? மூணுதானாம்!”

“பொய் சொல்றான்” என்றார் டாக்டரம்மா.

“அதைத்தானே மேடம் நானும் சொல்றேன், இவன் பேச்சை நம்பக் கூடாதுன்னு!”

“மருந்துக்காகப் பொய் சொல்றவன் பத்துன்னு சொல்லுவான்மா. இவன் குறைச்சுச் சொல்றான். நாடி எப்படி ஓடுதுன்னு பாருங்க. உங்க முகத்தைப் பார்த்துப் பயந்து சொல்றான்.”

நர்ஸ் மெஷினைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

பிறகு ஊசியை எடுத்தாள்.

கொஞ்சம் ஏற்றினாள். காத்திருந்தாள். அவன் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணினாள். மறுபடியும் கேட்டாள். “ஏழு” என்றான் மெதுவாக. இன்னும் கொஞ்சம். மறுபடியும் காத்திருந்தாள்.

போர்வை நுனி அவன் வாயிலிருந்து நழுவியது. சீராக மூச்சு விட்டான்.

“இவ்வளவுதான்மா பாடம்” என்று எழுந்தார் டாக்டரம்மா. “நீங்க பயந்ததும் தப்பில்ல. வீட்டுக்குப் போறப்ப மாத்திரையை இவன் கையில தராதீங்க. வீட்டுல பொறுப்பான ஒருத்தர் வெச்சிருந்து வேளாவேளைக்கு எடுத்துத் தரணும். இவன் வீட்டு ஆளுங்க வெளியே இருந்தா வரச் சொல்லுங்க, நானே விளக்கிச் சொல்றேன்.”

இளைய நர்ஸ் கதவுப் பக்கம் திரும்பினாள்.

“யாரையும் கூப்பிட வேண்டாம்” என்றாள் மூத்த நர்ஸ். அவன் நெற்றி வேர்வையைத் தன் முந்தானையால் ஒற்றிக்கொண்டிருந்தாள். “சொன்னா டியூட்டியில இவன் பக்கத்துல நிக்க விடமாட்டாங்கன்னுதான் யார்கிட்டயும் சொல்லல. என்கிட்டயே சொல்லுங்க மேடம்... என் கூடப் பிறந்த தம்பி.”