கருகாத அட்டை

இந்தக் காலத்து ஜனங்களுக்கு வீடே பற்றி எரிந்தாலும் முதலில் போட்டோ எடுத்தாக வேண்டும். வானிலை ஆய்வு நிலையத்தின் கம்பி வேலிக்கு வெளியே பத்துப் பேர், செக்கச்செவேலென்று இறங்கும் சூரியனை நோக்கி செல்போனை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். வேலிக்குள்ளே, மேடைமேல் இருக்கும் கண்ணாடி உருண்டைக்குப் பின்னாலிருந்து நீல அட்டையை உருவுகிறார் கிழவர். உருண்டை வழியாக விழும் வெயில் அட்டையைக் கோடாகச் சுட்டுக்கொண்டே போகும். அன்றைக்கு எத்தனை மணி நேரம் வெயில் அடித்தது என்பதற்கு அந்தக் கோடுதான் சாட்சி. இருபத்தாறு வருடமாக தினமும் உருண்டையைத் துடைத்து அட்டை மாற்றுகிறவர் அவர். இன்று வானத்தில் பொட்டு மேகம் கிடையாது. அட்டையிலோ ஒரு கருகல்கூட இல்லை. கட்டைவிரலால் தேய்த்துப் பார்க்கிறார், வழுவழுவென்று இருக்கிறது. உருண்டையைத் தூசி மூடியிருந்தால் வெயில் சுடாது. காலையில் துடைத்தோமா? துடைத்த ஞாபகம் இருக்கிறது, ஆனால் அது இன்றையதா நேற்றையதா என்று பிடிபடவில்லை.

"உங்க மேல தப்பில்ல பெரியவரே," என்கிறாள் அட்டையை வாங்கிப் பதிவெழுத வந்த நிலைய அதிகாரி. "எங்கேயோ காடு எரியுது. அந்தப் புகைத்தூள் வானம் பூரா பரவி வெயிலை மறிச்சிடுச்சு. இந்தச் சிவப்பும் அதனாலதான்."

"கிழவன் துடைக்க மறந்துட்டான்னா மறந்துட்டான்னே எழுதுங்க மேடம். பாவம் பாத்துக் கதை விடாதீங்க."

"சூரியனை நேராப் பாருங்களேன். கண்ணு கூசுதா?"

பார்க்கிறார். கூசவில்லை. கழுவாத தாம்பாளம் மாதிரி தொங்குகிறது.

"எல்லாத்துக்கும் ஒரு காரணம் வெச்சிருக்கீங்க," என்று முனகியபடி துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறார். விரல் மட்டும் அந்த அட்டையைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறது.