தலை வலது கைப்பக்கம்

மீன் மறுபடியும் புரண்டது. வெள்ளை வயிறு மேலே வந்தது.

ஆம்ப்ரோஸ் படகிலிருந்து குனிந்து, தண்ணீரில் அதை நிமிர்த்தினார். ஒரு கை வாலடியில், ஒரு கை வயிற்றுக்குக் கீழே. படகின் விளிம்பு விலாவில் குத்தியது.

நாற்பது நிமிடம் ஆகிவிட்டது.

"விடுப்பா. அது போய்ச் சேர்ந்தாச்சு," என்றார் வென்டல்.

"செவுள் அசையுது."

"காத்துல என் தொப்பிகூடத்தான் அசையுது."

வென்டல் அயோவாவில் பன்றிப் பண்ணை வைத்திருப்பவர். மீன் பிடிக்கவென்று, ஏரியில் இறங்கும் மிதவை விமானத்தில் வந்து, ஆம்ப்ரோஸ் வழிகாட்டியாக இருக்கும் விடுதியில் ஏழு நாள் தங்கினார். ஆறு நாள் வெறும் கையோடு கரையேறினார். ஏழாம் நாள் காலை, இந்த நாணல் மூலையில், நாற்பத்தொன்பது அங்குல மீன் மாட்டியது.

விருந்தினர்கள் அதை பைக் என்பார்கள். ஆம்ப்ரோஸின் ஊரில் அது ஜாக் மீன். இவ்வளவு பெரிதாக வளர்வது எப்போதும் பெண்தான். வளர இருபது வருடம் ஆகும்.

விடுதியில் ஒரே சட்டம். பெரிய மீனை அளந்து, படம் எடுத்து, உயிரோடு திரும்ப விட வேண்டும்.

படம்தான் கெடுத்தது.

"தலை உன் வலது கைப்பக்கம் வரட்டும். அப்பதான் வெளிச்சம் சரியா விழும்," என்றார் ஆம்ப்ரோஸ். எல்லோரிடமும் சொல்வதுதான். வென்டல் மீனை மார்போடு தூக்கிப் பிடித்தார். அதன் வலது கன்னத்தில் இருந்த வெள்ளைத் தழும்பு அவர் சட்டையில் அழுந்தியது.

முதல் படத்தில் வென்டலின் கண் மூடியிருந்தது. இரண்டாவதில் தொப்பி நிழல். மூன்றாவதற்கு நிமிரும்போது மீன் வழுக்கிப் படகின் தரையில் விழுந்தது.

அந்தச் சத்தம் இன்னும் ஆம்ப்ரோஸின் காதில் இருந்தது.

ஜூலையிலிருந்து மழை இல்லை. காட்டுத் தீயின் புகை ஏரிமேல் படிந்து கிடந்தது. கை விறைக்க வேண்டிய தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது. அந்தத் தண்ணீரில் மூச்சு இல்லை என்று அவருக்குத் தெரியும்.

தென்கரை விடுதி போன வருடம் மூடிவிட்டது. அங்கே பெரிய மீன் தீர்ந்துவிட்டது என்று பேச்சு கிளம்பியது, அவ்வளவுதான். இந்தக் கரை விடுதியில் ஊர்க்காரர்கள் பதினான்கு பேர் வேலை செய்கிறார்கள். ஆம்ப்ரோஸின் மனைவி பெர்னடெட் சமையல். சனிக்கிழமை மினியாபோலிஸிலிருந்து ஆறு பேர் வருகிறார்கள். ஒருவருக்காவது பெரிய மீன் மாட்டினால் அடுத்த கோடை முழுவதையும் எடுத்துக்கொள்வார்கள். மாட்டாவிட்டால் இந்தக் கதவும் மூடும்.

மீன் புரண்டது. நிமிர்த்தினார்.

"எங்க பண்ணையில பன்னிக்குட்டி மூச்சு விடலைன்னா மூக்குல ஊதுவோம்," என்றார் வென்டல். "ஊதிப் பாரேன்."

ஆம்ப்ரோஸ் சிரிக்கவில்லை. இடுக்கியின் கைப்பிடியால் அதன் வாயைத் திறந்து, தண்ணீர் உள்ளே போகும்படி பிடித்தார். ஒரு பல் கட்டைவிரலைக் கிழித்தது. ரத்தம் தண்ணீரில் புகைபோலப் பிரிந்தது.

"சரி, ராத்திரி வறுத்துடலாம். நீ சொன்னா பெர்னடெட் வறுக்கமாட்டாங்களா?"

"இது வறுக்கிற மீன் இல்ல."

ஆம்ப்ரோஸ் இந்த வடக்குக் காடுகளின் பழங்குடியான டெனே இனத்தவர். பிடித்த மீனைத் தின்ன வேண்டும் என்பார்கள் அவர் மக்கள். தின்னாமல் அதோடு விளையாடினால் மீன்கள் அந்த ஏரியை விட்டே போய்விடும். அவர் குனிந்து, வென்டலுக்குக் கேட்காமல், தன் மொழியில் மீனிடம் மன்னிப்புக் கேட்டார். இந்தக் கோடையில் நிறையத் தடவை கேட்டாகிவிட்டது.

வால் லேசாக இறுகியது.

அல்லது படகு ஆடியதில் அப்படித் தோன்றியது.

விரல்களை ஒவ்வொன்றாக விரித்தார். மீன் ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு சாய்ந்தாற்போலக் கீழே போனது. பழுப்புத் தண்ணீரில் அதன் நிறம் கரையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"பார்த்தியா, பிழைச்சுட்டா!" வென்டல் அவர் முதுகில் தட்டினார்.

சாயங்காலம் சாப்பாட்டு அறையில் பெர்னடெட் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஆம்ப்ரோஸிடமிருந்து அச்செடுத்த படத்தை வாங்கினாள்.

"போயிட்டாளா?"

"கீழ போனா."

"நீந்தியா, முங்கியா?"

பெர்னடெட் அவர் கட்டைவிரலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தாள். பிறகு, இந்தக் கோடையின் படங்கள் வரிசையாக இருந்த சுவரில் புதியதையும் குத்தினாள்.

வென்டல் காப்பிக் கோப்பையோடு வந்து தன் படத்தின் முன் நின்றார். தொப்பி நிழல் விழுந்தாலும் கண் திறந்திருந்ததில் திருப்தி. மற்ற படங்களையும் ஒரு பார்வை பார்த்தார்.

"ஒரே கோடையில பத்தா! யோவ் ஆம்ப்ரோஸ், இந்த ஏரியில இன்னும் எத்தனைதான்யா கிடக்கு?"

பெர்னடெட் சமையலறைக்குள் போய்விட்டாள்.

ஆம்ப்ரோஸ் சுவரைப் பார்த்தார். பத்துப் பேர், பத்துச் சிரிப்பு. பத்துப் படத்திலும் மீனின் தலை ஒரே பக்கம்; தழும்புக் கன்னம் சட்டைப் பக்கம். பத்திலும் செவுளுக்குப் பின்னால், கொக்கிபோல வளைந்த வரிசையில், அதே மூன்று புள்ளிகள்.