நாளைக் காலை க்ரொசான், என் செலவு

ரோனானின் கணினித் திரை திறந்து கிடந்தது. அறையில் அவன் இல்லை.

இரண்டு வருடமாக இதற்காகத்தான் காத்திருந்தேன்.

தாழ்வாரத்தின் கோடியில், காபி மெஷினுக்குப் பக்கத்திலிருந்து அவனுடைய சிரிப்பு கேட்டது. காபிக்குப் போனால் ரோனான் லேசில் திரும்ப மாட்டான். தன்னைப் பற்றிப் பேச அவனுக்கு எப்போதும் நிறைய இருக்கும். இன்று கேட்கவே வேண்டாம். கடலாய்வு நிலையத்துக்கு யார் இயக்குநர் என்று பன்னிரண்டு மணிக்குத் தேர்வுக்குழு கூடி முடிவு செய்கிறது. போட்டியில் அவன்தான் முன்னால் நிற்கிறான்.

என் கழுத்தில் மஞ்சள் அட்டை தொங்கியது. 'எனோரா, இணையப் பாதுகாப்புத் தன்னார்வலர்.' அது இருந்தால் யாருடைய அறைக்குள்ளும் எட்டிப் பார்க்கலாம். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

என் வகுப்புகள் போக மிச்ச நேரத்தில் மழைக்கோட்டோடு கட்டடம் கட்டடமாகப் போகிறேன். கடவுச்சொல்லை எழுதி ஒட்டாதே, வருகிற இணைப்பையெல்லாம் திறக்காதே, எழுந்து போகும்போது திரையைப் பூட்டு என்று பேராசிரியர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். சம்பளம் கிடையாது. நன்றியும் கிடையாது. இவளுக்கு ஏன் இந்த வேண்டாத வேலை என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அவர்களுக்குப் பிடித்தது க்ரொசான் விளையாட்டு மட்டும்தான். பூட்டாத திரை யார் கண்ணில் படுகிறதோ, அவர் அந்தக் கணினியிலிருந்தே துறை முழுவதற்கும் ஒரு மின்னஞ்சலைத் தட்டிவிடலாம். 'நாளைக் காலை எல்லோருக்கும் க்ரொசான், என் செலவு.' மாட்டிக்கொண்டவர் மறுபேச்சு இல்லாமல் அந்தப் பிறை வடிவ ரொட்டிகளை எல்லோருக்கும் வாங்கி வர வேண்டும்.

அவன் நாற்காலியில் உட்கார்ந்தேன். இன்னும் சூடாக இருந்தது. அருவருப்பாக இருந்தது.

அன்றைக்கு என் நாற்காலியும் அவனுக்கு இப்படித்தான் சூடாக இருந்திருக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நான் காபிக்குப் போயிருந்தபோது என் கணக்கிலிருந்து டீனுக்கு ஒரு மின்னஞ்சல் போனது. 'குடும்பச் சூழ்நிலை காரணமாக, பேராசிரியர் பதவிக்கான என் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.' எனக்குத் தெரியவந்தபோது பதவி ரோனானுடையதாகியிருந்தது.

நான் அனுப்பவில்லை என்று கத்தினேன். திரையைத் திறந்து போட்டுவிட்டுப் போனேன், யாரோ வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்றேன். விசாரணையில் ரோனான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சாட்சி சொன்னான்.

"அந்த நேரத்துல நான் அவ ரூம் வழியாத்தான் போனேன், மதாம். திரை பூட்டித்தான் இருந்துச்சு. பாவம், வீட்ல என்ன கஷ்டமோ."

நான் பூட்டவில்லை. பூட்டியிருந்தது என்று பொய் சொல்ல வேண்டிய தேவை ஒரே ஒருவனுக்குத்தான் இருந்தது. ஆனால் திரை பூட்டியிருந்தது என்றால், கடவுச்சொல் தெரிந்த சொந்தக்காரிதான் அனுப்பியிருக்க வேண்டும். டீன் மதாம் கெமெனேர் அத்தோடு விசாரணையை முடித்துக்கொண்டார்.

புதிய மின்னஞ்சலைத் திறந்தேன். டீனின் முகவரியை இட்டேன். அந்த வாக்கியம் எனக்கு மனப்பாடம். பதவியின் பெயரை மட்டும் மாற்றினேன். குடும்பச் சூழ்நிலை அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு முறை படித்துப் பார்த்தேன்.

அந்த நிமிடமே அனுப்பி மாட்டிக்கொள்ள நான் என்ன முட்டாளா? அதை மூடினேன். இன்னொன்றைத் திறந்து துறை முழுவதற்கும் க்ரொசான் அறிவிப்பை அனுப்பினேன். வெண்ணெய் க்ரொசான் என்று சேர்த்துக்கொண்டேன். விலை கொஞ்சம் கூட.

நான் வாசலுக்கு வருவதற்குள் தாழ்வாரம் முழுக்கக் கைபேசிகள் ஒலித்தன. "ரோனான் மாட்டினாருடா!" என்று யாரோ கத்தினார்கள். கையில் காபியோடு அவன் வந்தான். கூடவே சிரித்துக்கொண்டு டீன், பின்னால் பாதித் துறை.

"அடிப்பாவி, நீதானா!" என்றான் ரோனான். அவனுக்குக் கோபமே வரவில்லை. "சரி, போகட்டும். நாளைக்கு இயக்குநர் செலவுல எல்லாரும் வயிறு முட்டத் தின்னுங்க."

"முதல்ல வந்து பூட்டு. எல்லாரும் பார்க்கணும்."

உள்ளே போய் விசையை அழுத்தினான். திரை இருண்டது. டீனைப் பார்த்துக் கையை விரித்தான்.

"பார்த்துக்குங்க, மதாம். இனிமே என்னைத் தவிர ஒரு பயலும் இதைத் தொட முடியாது."

"நானே சாட்சி," என்றார் டீன். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

கூட்டம் கலைந்தது. தேர்வுக்குழு முன்னால் பேச வேண்டியதைப் பார்த்துக்கொள்ள ரோனான் கதவைச் சாத்திக்கொண்டான். உள்ளே அவன் மட்டும்தான்.

டீன் என் தோளைத் தொட்டார். "உனக்கு அன்னிக்கு நடந்ததுக்கு வேற யாரா இருந்தாலும் மூலையில உட்கார்ந்திருப்பாங்க, எனோரா. நீ நாலு பேருக்கு நல்லது பண்றே."

"சாட்சின்னு சொன்னீங்களே, மதாம். மறந்துடாதீங்க," என்றேன். அதற்கும் சிரித்தார்.

மின்னஞ்சலை எழுதி, நேரம் குறித்து வைத்தால் போதும். திரை பூட்டியிருந்தாலும் அந்த நேரத்துக்கு அது தானாகவே போய்ச் சேரும். இதை மட்டும் நான் யாருக்கும் பாடம் எடுத்ததில்லை.

டீனுக்கு எழுதியதற்கு நான் குறித்து வைத்தது பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் முன்பு.